கீபோர்டு பெட்டியின் சாவி: பாடகர் குழு மூத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்



நம் சபைகளில் பாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது உடனே பாமாலையா புதுப் பாட்டா, ஆர்கனா டிரம்ஸா என்ற வழக்கில் போய் நின்றுவிடுகிறது. அந்த வழக்கைப் பேச இந்த மடலை எழுதவில்லை. உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்விதான் உண்டு. இன்றைக்கு நீங்கள் செய்கிற ஊழியத்தை இன்னும் பத்து வருஷம் கழித்துச் செய்யப்போகிற பிள்ளை யார்? அந்தப் பிள்ளை இப்போது எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது?

நானும் பாடகர் குழுவில் வளர்ந்தவன். திருநெல்வேலிச் சீமையின் பல சேகரங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருப்பதைப் பார்த்து வருகிறேன். வாழ்நாளெல்லாம் ஆர்கன் வாசித்த பெரியவர் ஒரு நாள் படுக்கையில் விழுகிறார். அடுத்த ஞாயிறு வாசிக்க ஆள் கிடையாது. கமிட்டி கூடிப் பேசி, பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பியைச் சம்பளத்துக்கு அழைத்து வருகிறது. அந்தத் தம்பி விடியற்காலையில் ஒரு கோவில், அது முடிந்ததும் இன்னொரு கோவில் என்று பைக்கில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. உழைத்துச் சாப்பிடுகிறவர், திறமைசாலி. ஆனால் எந்தச் சரணத்தில் நம் பாட்டிமாருக்கு மூச்சு வாங்கும், எந்தப் பாட்டை நம் ஊரில் நிதானமாகப் பாடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? சபைக்குள்ளேயே வளர்ந்த ஒருவருக்குத்தான் அது தெரியும். அப்படி ஒருவரை வளர்க்கும் வேலை வேறு யாருடையதும் அல்ல, உங்களுடையது.

1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் கையின்கீழ்ப் பாட்டிலே தேறினவர்கள் 288 பேர். அவர்கள் 24 வகுப்புகளாகப் பிரிகிறார்கள்; ஒவ்வொன்றிலும் 12 பேர், குமாரரும் சகோதரருமாக. முறைக்குச் சீட்டுப் போடும்போது பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்ற பேதம் பார்க்கப்படவில்லை. கற்றவனும் கற்கிறவனும் ஒரே முறையில் ஆலயத்துக்குள் போகிறார்கள். நன்றாகத் தேறிய பிறகு வா என்று மாணாக்கனை வாசலில் நிறுத்தவில்லை.

எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்யும் லேவியருக்கு 25 வயதில் ஊழியம் தொடங்குகிறது; 50 வயதில் அந்தப் பணி முடிகிறது. பணியை முடித்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அவர் தம் சகோதரர் கூடவே இருந்து, அவர்களுக்குத் துணை செய்கிறார். இது பாடகருக்கென்று தனியாகச் சொன்ன விதி அல்ல; ஐம்பது வயதானவர்கள் எல்லாரும் ஆர்கனை விட்டு எழுந்திருங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. உங்கள் கைக்கும் குரலுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் கூடவே இருந்து துணை செய்தல் என்றொரு ஊழியம் வேதத்தில் இருக்கிறது. நம் பாடகர் குழுக்களில் அதற்கு ஒரு நாற்காலி இல்லை. வாசித்தால் முழுக்க வாசிப்பது, விட்டால் மனஸ்தாபத்தோடு விட்டுப் போவது, இரண்டுதான் வழக்கமாகிவிட்டது.

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு இன்றைக்கு இருப்பதே முன்னோர் சிலர் இளையவர்களைத் தேடிப் பிடித்ததால்தான். வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்த அவரைக் கண்டெடுத்துத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். பெத்லகேம் குறவஞ்சியும் நாம் பாடும் எத்தனையோ கீர்த்தனைகளும் அந்த ஒரு பையனிடமிருந்து வந்தவை. பிற்பாடு மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் புத்தகமாக்கியபோது, அதற்கு ஆதாரமாக நின்றவை சாஸ்திரியாரின் பாடல்களே. ஒரு பையனுக்குக் கொடுத்த கவனம் எத்தனை தலைமுறைக்குப் பாட்டாகியிருக்கிறது பாருங்கள்.

ஆபிரகாம் பண்டிதரை நாம் 'கருணாமிர்த சாகரம்' எழுதியவர் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். 1917இல் வந்த அந்தப் பெருநூலுக்குப் பத்து வருஷம் முன்பே, 1907இல், அவர் இன்னொரு புத்தகம் போட்டார். இசை படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கான 'கருணாமிர்த சாகரத் திரட்டு' அது. அந்நாளில் கர்நாடக இசைப் பாடங்களுக்கான உருப்படிகளில் பெரும்பாலானவை தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருந்தன. தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே பாடிப் பழகவேண்டும் என்று கீதங்களும் கீர்த்தனைகளும் தாமே இயற்றினார். சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சையில் மருத்துவராகப் பெயர் எடுத்து, ஆராய்ச்சியில் மூழ்கிக் கிடந்த மனிதர், ஆரம்பப் பாடப் புத்தகம் எழுத நேரம் ஒதுக்கினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போனபோது தம் மகள்களையும் அழைத்துப் போனார். வித்துவான்கள் நிறைந்த அந்தச் சபையில் தகப்பன் எடுத்துச் சொன்ன கொள்கையை மகள்கள் இசைத்துக் காட்டினார்கள். பெண்பிள்ளைகளை மேடையேற்ற யோசித்த காலம் அது.

லுத்தரன் சபையாருக்கு ஒரு வார்த்தை. 1524இல் யோகான் வால்ட்டர் விட்டன்பர்க்கில் வெளியிட்ட பல குரல் பாட்டுப் புத்தகத்துக்கு மார்ட்டின் லுத்தர் முன்னுரை எழுதினார். இந்தப் பாட்டுகள் இப்படிக் குரல் பிரித்து அமைக்கப்பட்டதே இளையோருக்காகத்தான் என்று அதில் சொல்கிறார். நம் ஊர்க் கொயர்களில் டோ, ரே, மி எழுத்துகளை வைத்து நான்கு குரலையும் படிக்கிறோமே, டானிக் சொல்ஃபா, அதுவும் இதே கதைதான். சாரா குளோவர் என்ற அம்மையார் குழந்தைகளுக்காக உண்டாக்கிய முறையை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதாகப் பாட்டுச் சொல்லித்தரும் வழியைத் தேடிய ஜான் கர்வன் என்ற போதகர் எடுத்து வளர்த்தார். சிறுவர்களுக்காகப் பிறந்த முறையைப் பெரியவர்கள் மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பிக் காது கேட்டுப் படிக்கச் சொல்வது நியாயமா? சொல்ஃபா படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறையாக நீங்கள் இருந்துவிடக் கூடாது.

இனி, வளர்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன்.

பாட்டு நடத்துகிறவர் உருவாகும் முதல் இடம் மேடை அல்ல, துக்க வீடுதான். அங்கே மைக் இல்லை, கீபோர்டு இல்லை, திரையில் வரிகள் இல்லை. பெட்டி வந்திறங்கி, உறவினர் அழுது ஓய்ந்து, குருவானவர் வருவதற்குள் ஒருவர் பாட்டு எடுக்கவேண்டும். எடுக்கிற அந்த முதல் சுரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கீர்த்தனையின் பல்லவி பெரும்பாலும் கீழே நிற்கும். அனுபல்லவி மேல் ஸ்தாயிக்கு ஏறும். பல்லவி தன் தொண்டைக்குச் சுகமாக இருக்கிறதே என்று எடுத்தவர், அனுபல்லவிக்குப் போனதும் கழுத்து நரம்பு புடைக்க நிற்பார். கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே எடுக்கும் முன் பாட்டின் உச்ச இடத்தை மனதுக்குள் முனகிப் பார்த்து, அது ஊராருக்கு எட்டுமா என்று அளந்து, அங்கிருந்து கீழே இறங்கிப் பல்லவிக்கு வரவேண்டும். இதை எந்தக் கீபோர்டு வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். உங்களுக்கு இது கைவந்திருக்கிறது; யாரும் சொல்லித்தராமலே பழக்கத்தில் வந்திருக்கும். பிள்ளைகளுக்கு அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வீட்டு ஜெபத்தில் நான் பார்த்தது இது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனை அன்றைக்குப் பாட்டு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பயத்தில் மிகவும் மேலே எடுத்துவிட்டான். முதல் சரணத்திலேயே பெண்கள் குரல் உடைந்தது. ஆண்கள் கீழ் ஸ்தாயிக்கு விழுந்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொயர் மாஸ்டர் பாட்டை நிறுத்தவில்லை, அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சரணம் முடிகிற இடத்தில் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து, பல்லவிக்குத் திரும்பும்போது இரண்டு சுரம் இறக்கி, கனத்த குரலில் தாமே எடுத்தார். கூட்டம் அவரோடு இறங்கி வந்தது. என்ன நடந்தது என்று பாதிப்பேருக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் சரணத்துக்கு வந்ததும் தம் குரலை அடக்கிக்கொண்டு பாட்டைப் பையனிடமே விட்டுவிட்டார். ஜெபம் முடிந்து செருப்பு மாட்டும்போது அவன் தோளில் கை போட்டு, "அடுத்த வாரமும் நீதான்டே எடுக்கே. எடுக்கதுக்கு முன்னால மேல் இடத்தைப் பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். அந்தப் பையன் இன்றைக்கு ஒரு சேகரத்தில் பாடகர் குழுவை நடத்துகிறான்.

இதற்கு நேர் எதிரானதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பிசகினதும் மைக்கிலேயே திருத்துவது. ஆராதனை முடிந்து வாசலில் நாலு பேர் கேட்க, நீ இன்னும் படிக்கணும் என்பது. பதினைந்து வயதில் சபையார் முன் பட்ட அவமானம் பலரை வாழ்நாள் முழுக்கப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடும். திருத்தவேண்டியதைச் சனிக்கிழமைப் பயிற்சியில், தனியாகத் திருத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்குத் துணையாக மட்டும் நில்லுங்கள்.

எந்த இடத்தை முதலில் கொடுப்பது என்று கேட்டால், காணிக்கைப் பாட்டு என்பேன். சபையின் கவனம் முழுவதும் மேடையில் இராத நேரம் அது. சின்னத் தவறு பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் தேறினதும் நற்கருணை நேரத்தைக் கொடுக்கலாம். ஒரு வரிசை எழுந்து பந்திக்குப் போய்த் திரும்ப, அடுத்த வரிசை போக, பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். கடைசி வரிசை உட்கார்ந்ததும், குருவானவர் பாத்திரத்தை மூடுவதைப் பார்த்து, பாட்டை அழகாக முடிக்கத் தெரியவேண்டும். எங்கே நிறுத்துவது என்ற நிதானம் அங்கேதான் வரும். ஆரம்பப் பாட்டையும் பிரசங்கத்துக்கு முந்தின பாட்டையும் கடைசியாகக் கொடுங்கள். டிசம்பர் மாதக் கேரல் ரவுண்ட்ஸ் நமக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம். பெரியவர்கள் டார்ச்சும் உண்டியலும் பிடிக்கட்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிள்ளை பாட்டு எடுக்கட்டும். மே மாத வி.பி.எஸ்.ஸில் நூறு குழந்தைகள் தொண்டை கிழியப் பாடுகிறார்களே, அதில் சுருதி விலகாமல் பாடுகிற பத்துப் பேரை எழுதி வைத்துக்கொள்ள உங்களில் ஒருவராவது போய் உட்காருகிறீர்களா?

கீபோர்டைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது பிள்ளைகள் ஸ்டைல் போட்டே வாசிக்கப் பழகுகிறார்கள். ஒரு பட்டனில் தபலாவும் டோலக்கும் வந்துவிடுகின்றன. அந்த ஸ்டைல்கள் பெரும்பாலும் நாலு அடியிலோ, மூன்று அடியிலோ, ஆறு அடியிலோ அமைந்தவை. மிஸ்ரசாபில், ஏழு எண்ணிக்கையில் இருக்கும் கீர்த்தனையை அதில் திணித்தால், ஒரு எண்ணிக்கையை நீட்டியோ விழுங்கியோ பாட்டின் நடையே மாறிப்போகிறது. எடுப்பு அரை இடம் தள்ளி வருகிற பாட்டு, முதல் அடியிலேயே எடுத்துப் பழகி மொட்டையாகிவிடுகிறது. பத்து வருஷம் அப்படியே பாடிவிட்டால் சபைக்கு அதுதான் சரியான மெட்டு என்று ஆகிவிடும். ஆகவே முதல் ஒரு வருஷம் பிள்ளை ஸ்டைல் இல்லாமல் வாசிக்கட்டும். கையால் தாளம் போட்டுப் பாடின பிறகு வாசிக்கட்டும். டிரான்ஸ்போஸ் பட்டனும் அப்படித்தான், அவசரத்துக்கு உதவும். ஆனால் எல்லாவற்றையும் சி மேஜரிலேயே வாசித்துப் பட்டனைத் தட்டுகிற பிள்ளைக்கு, ஒரு நாள் ஆர்கனில் உட்காரவேண்டி வந்தால் கை ஓடாது. டி, எஃப், ஜி மூன்றிலாவது வாசிக்கப் பழக்குங்கள். பாட்டை எந்தச் சுருதியில் வைப்பது என்பதையும் வாசிக்கிறவர் வசதிக்கோ முன்னால் பாடுகிறவர் குரலுக்கோ விடாதீர்கள். ஆணும் பெண்ணும் முதியவரும் சேர்ந்து பாடுகிற கூட்டத்துக்கு உச்ச சுரம் மேல் டி, மிஞ்சினால் ஈ. அதைத் தாண்டினால் நம் ஆட்கள் பாடமாட்டார்கள், கேட்பார்கள்.

நம் ஊழியத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். முன்னால் நிற்கிறவரின் ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்கவில்லை. கேட்காதபோது நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். சபை நன்றாகப் பிடித்துக்கொண்டதும் மைக்கை விட்டு ஓரடி பின்னால் வரவேண்டும் என்பதை இளையவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். மிக்சரில் உட்காருகிற பிள்ளையும் உங்கள் குழுவைச் சேர்ந்தவன்தான். அவனை ஒரு ஞாயிறு சபையின் நடுவில் உட்காரவைத்து, தான் போடுகிற சத்தம் ஒரு தாத்தாவின் காதில் எப்படி விழுகிறது என்று கேட்க வையுங்கள்.

புதிதாக நடத்த வரும் பிள்ளைகளிடம் பாட்டுக்கு நடுவே நீளமாகப் பேசும் பழக்கம் பரவியிருக்கிறது. யூடியூபில் பார்ப்பதை அப்படியே செய்கிறார்கள். கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு வசனம், ஒரு வாக்கியம் போதும் என்று பழக்குங்கள். ஞாயிறு தியானத்தின் தலைப்பு திருச்சபை நாட்காட்டியில் முன்கூட்டியே இருக்கிறது. புதன்கிழமைக்குள் குருவானவரைப் பார்த்து, பாடங்களை வாசித்து, அதற்கேற்ற பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இளையவரிடம் கொடுத்து, ஏன் இந்தப் பாட்டு என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லப் பழகினால் அவர்கள் பாட்டின் வார்த்தைகளை வாசிக்கத் தொடங்குவார்கள். லெந்து நாட்களில் எதைப் பாடுவது, ஈஸ்டர் காலையில் எதைப் பாடுவது என்ற விவேகம் அப்படித்தான் வரும். ஜெபிக்கிறவரே ஜெபத்தோடு பாட்டு நடத்த முடியும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமைப் பயிற்சியில் கடைசிப் பத்து நிமிஷம் பிள்ளைகளோடு முழங்காலில் நிற்கிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

யாரைத் தேடுவது என்பதில் நம் கண் சில வரிசைகளைத் தாண்டிப் போய்விடுகிறது. முதலாவது, மருமகளாக வந்த பெண்கள். தாய்வீட்டுச் சபையில் ஆல்டோ பாடியிருப்பார்கள், ஓய்வுநாள் பள்ளிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கல்யாணமாகி நம் சபைக்கு வந்து, கைக்குழந்தையோடு பின்னால் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் பாடுவீர்களா என்று யாரும் கேட்டதில்லை. பயிற்சி நேரத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அத்தையை ஏற்பாடு செய்தால் எத்தனையோ சபைகளில் ஆல்டோ வரிசை ஒரே மாதத்தில் நிறைந்துவிடும்.

இரண்டாவது, வீட்டில் கீபோர்டு வாங்க வழியில்லாத பிள்ளைகள். பியானோ வகுப்புக்குப் பணம் கட்டி லண்டன் கிரேடு எழுதுகிற பிள்ளைகள் மட்டும்தான் குழுவுக்குள் வர முடியும் என்று ஆகிவிடக் கூடாது. கோவிலில் கீபோர்டு இருக்கிறது; வாரத்தில் ஆறு நாள் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கிறது. சாவி ஒருவரிடம். கெட்டுப்போகும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. கெட்டால் பழுது பார்க்கலாம். வாரத்தில் மூன்று சாயங்காலம் திறந்து வையுங்கள், உங்களில் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

மூன்றாவது, பறையும் தவிலும் அடிக்கத் தெரிந்த, நாட்டுப்புறப் பாட்டு ரத்தத்தில் ஊறிய பிள்ளைகள். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த 'பரட்டை' என்ற தியோபிலஸ் அப்பாவு ஐயர் வழிபாட்டு முறைமையையே கிராமிய மெட்டில் அமைத்துக் கொடுத்தார். படிப்பறியாத கூலிக்காரச் சனமும் கேட்டவுடன் பாட முடியவேண்டும், தங்கள் வசதிக்கு மாற்றியும் பாட முடியவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் 2005இல் மறைந்தார். அவரிடம் படித்துப் போன குருமார் வழியாக அந்தப் பாட்டுகள் எத்தனையோ கிராமச் சபைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் இன்றைக்கும் சில கோவில்களில் பறையையும் தவிலையும் அசனத்துக்கும் பவனிக்கும் வெளியே அடிக்கலாம், உள்ளே வேண்டாம் என்கிறார்கள். சாதியின் வாடை இதில் இருக்கிறது. மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளை கொண்டுவரும் வாத்தியத்தை வாசலில் நிறுத்தினால் அந்தப் பிள்ளையையே வாசலில் நிறுத்தியதாகத்தான் அர்த்தம். பாடகர் குழுவில் சில குடும்பத்தாருக்கே இடம் என்ற எழுதாத சட்டம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை உடைக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். தேர்வு செய்கிறவர்கள் நீங்கள்.

இளையவர்கள் சொந்தமாகப் பாட்டு எழுதி, பதிவு செய்து, யூடியூபில் போட ஆசைப்படுகிறார்கள். அதைப் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். முதல் பாட்டைச் சனிக்கிழமை பயிற்சியில் பாடச் சொல்லுங்கள். வார்த்தையில் யாப்பு இடறுகிற இடத்தை, வேதத்துக்குப் பொருந்தாத வரியைப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொடுங்கள். சபையார் பாடக்கூடிய பாட்டாக அது தேறினால் ஒரு ஞாயிறு சபையிலும் பாடுங்கள். தன் பாட்டை ஊரார் பாடக் கேட்ட பிள்ளை எங்கும் போய்விட மாட்டான்.

இனி குருவானவர்களுக்கும் சேகர கமிட்டி அங்கத்தினருக்கும். ஸ்பீக்கர் வாங்க, ஏ.சி. போட, கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் பணம் ஒதுக்குகிறோம். இரண்டு பிள்ளைகளை இசை படிக்க வைக்க ஒரு தலைப்பு நம் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறதா? சம்பளத்துக்கு வாசிக்க வரும் தம்பியை நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, சனிக்கிழமை ஒரு மணி நேரம் நம் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். அவருக்கும் அது கௌரவம்; ஓரிரு வருஷத்தில் நமக்கு ஆளும் உண்டாகும். கிளைச் சபைகளையும் மறக்கவேண்டாம். முப்பது குடும்பம் உள்ள சபையில் உபதேசியாரே மணி அடித்து, அவரே பாட்டு எடுத்து, அவரே ஜெபிக்கிறார். சேகரத்தின் தலைமைச் சபையில் பயின்ற ஒருவரை மாதம் ஒரு ஞாயிறு அங்கே அனுப்பினால் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி திறக்கும்.

மூத்தவர்களே, உங்கள்மேல் எனக்குள்ள அன்பினால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதினேன். சம்பளம் வாங்காமல், பண்டிகை நாளில் குடும்பத்தோடு உட்கார முடியாமல், காய்ச்சலோடும் ராத்திரி ஆராதனைக்கு வந்து வாசித்தவர்கள் நீங்கள். அந்த உழைப்பு உங்களோடு நின்றுபோகக் கூடாது என்றுதான் கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். காணிக்கைப் பாட்டு அந்தப் பிள்ளையுடையது என்று குருவானவரிடம் சொல்லிவிடுங்கள். கீபோர்டு பெட்டிக்கு இன்னொரு சாவி வெட்டிக் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
ஒரு சேகரத்தின் பாடகர் குழு உறுப்பினன்